கொல்லைக்குச் சீட்டுப் போட்டோம்

பழவேற்காடு
ஞாயிறு காலை

அன்பு மகள் அர்ஷியாவுக்கு,

அஸ்ஸலாமு அலைக்கும். பெங்களூரில் நீயும் மாப்பிள்ளை ரஃபீக்கும் பிள்ளைகளும் நலமாயிருக்க துஆ செய்கிறேன். நான் நலம். முழங்கால் வலிக்கிறது, அதைப் பற்றி எழுத ஒன்றுமில்லை. போனில் சொன்னால் நீ குறுக்கே பேசுவாய். அதனால்தான் கடிதம். கடைசிவரை படி.

முன்கட்டில் குடியிருக்கும் கோவிந்தம்மாவைக் காலி செய்யவைத்தால்தான் வீட்டை விற்கலாம், விற்றால் நான் உங்களோடு வந்து இருக்கலாம் என்று மாப்பிள்ளை சொல்லிப் போனதை மறக்கவில்லை. எனக்கும் அவள்மேல் கோபம்தான். கொல்லை முழுக்க இறாலைக் காயப்போட்டுவிடுவாள். நான் வெளுத்துப் போட்ட விரிப்பிலெல்லாம் அந்த வாடை. கேட்டால், "வூட்டுக்குத்தானே வாடகை, வெயிலுக்குமா பாயம்மா?" என்பாள்.

என் கான்வென்ட் ஆங்கிலத்தில் நானே நோட்டீஸ் எழுதினேன். வக்கீல் பிரதாப் படித்துவிட்டு, "அம்மா, இது கல்யாணப் பத்திரிகை மாதிரி இருக்கு" என்றார். பிறகு அவரே ஒன்று எழுதினார். அதில் இரண்டு பிழைகளை நான் திருத்திக் கொடுத்ததும் கோவிந்தம்மாவுக்கு அனுப்பினார்.

அது ஆங்கிலத்தில் வந்ததால், கோவிந்தம்மா அதைத் தூக்கிக்கொண்டு நேராக என்னிடமே வந்தாள், படித்துச் சொல்லச் சொல்லி. ஊரில் எல்லோரும் அப்படித்தானே வருகிறார்கள். ஒரு வரி விடாமல் தமிழில் சொன்னேன். கன்னத்தில் கைவைத்துக் கேட்டவள், "இன்னா மரியாதையா திட்டிக்கிறான். யாரு அனுப்பனது?" என்றாள். நான்தான் என்றேன். நோட்டீஸை மடித்து இடுப்பில் செருகிக்கொண்டு எழுந்து போனாள். அவள் வழக்கமாகக் கொடுத்தனுப்பும் நண்டு மறுநாள் வரவில்லை.

வாடகை ஒப்பந்தம் எழுத்தில் இல்லாததால் பொன்னேரியில் வாடகை அதிகாரியிடம் மனுப் போட்டோம். விசாரணை நாளன்று பஸ்ஸில் ஏறினால், ஜன்னலோரத்தில் துண்டு போட்டு எனக்கு இடம் பிடித்து வைத்திருக்கிறாள். எதிர்க்கட்சிக்கு இடம் பிடித்தவளை நீ கேள்விப்பட்டிருக்கிறாயா? வழி முழுக்கச் சண்டை போட்டுக்கொண்டே போனோம். நடத்துநர் எங்களைச் சம்பந்திகள் என்று நினைத்துவிட்டார்.

அதிகாரி நல்ல மனிதர். ஒப்பந்தம் எழுதிப் பதிவு செய்துகொள்கிறீர்களா, வழக்கை நடத்துகிறீர்களா, வெளியே உட்கார்ந்து பேசிவிட்டு வாருங்கள் என்றார். வேப்பமரத்தடியில் உட்கார்ந்தோம். அவள் முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு, "காலி பண்ணிடறேன் பாயம்மா. ஆனா இறால் காயவைக்க எவன் எடம் குடுப்பான்? வேற பொழப்பு ஏது எனக்கு?" என்றாள். குரலில் சண்டையே இல்லை. அதைத்தான் என்னால் தாங்க முடியவில்லை.

சின்ன வயதில் ஜன்னலில் நின்று பார்ப்பாயே, ஏரியில் எந்த நாள் யார் வலை விரிப்பது என்று சீட்டுப் போட்டு முறை வைத்துக்கொள்வார்கள், அந்தப் பாடு நினைவுக்கு வந்தது. கொல்லைக்கும் பாடு போடலாம், ஒரு நாள் உனக்கு, ஒரு நாள் எனக்கு என்றேன்.

என்னை உற்றுப் பார்த்தாள். அவள் புருஷன் இறந்ததும் அவனுடைய பாடு கொழுந்தனுக்குப் போனது உனக்குத் தெரியும். "எங்க ஊர்ல பொம்பளைக்கு ஏது பாடு? எழுத்துல குடுப்பீங்களா?" என்றாள். எழுதிப் பதிவே செய்து தருகிறேன் என்றேன். பிறகு அவள் சிரித்த சிரிப்பில் ஆபீஸ் பியூன் வெளியே வந்து எட்டிப் பார்த்தார்.

பஸ் டிக்கெட்டைக் கிழித்துச் சீட்டு எழுதி, வேர்க்கடலை விற்ற பெண்ணை எடுக்கச் சொன்னோம். முதல் பாடு அவளுக்கு விழுந்தது. என் சொந்தக் கொல்லைக்கே எனக்குச் சீட்டு விழாமல் நின்றேன் அர்ஷியா. சிரித்துச் சிரித்துக் கண்ணாடியைக் கழற்ற வேண்டியதாயிற்று.

ஒப்பந்தத்தில் இப்படியெல்லாம் எழுதுவதில்லை என்று பிரதாப் முணுமுணுத்தார். நான் சொல்லச் சொல்ல எழுதினார். மூன்று வருடத்துக்குப் பதிவாகிவிட்டது. முடிந்ததும் புதுப்பிப்பேன். உன் வாப்பா என் பெயரில் எழுதிவைத்த வீடு. கையெழுத்துப் போட எனக்கு உரிமை உண்டு. மாப்பிள்ளைக்கு வருத்தமிருந்தால் எனக்கு எழுதட்டும், பதில் போடுகிறேன். பெங்களூரில் எனக்கென்று ஒதுக்கியிருக்கும் அறையில் பிள்ளைகள் படிக்கட்டும்.

நேற்று அவள் பாடு. நண்டு வந்தது. விரிப்பில் வாடை இன்னும் கொஞ்சம் இருக்கிறது. நான் சொல்லவில்லை.

அல்லாஹ் உங்களுக்கு நீண்ட ஆயுளையும் பரக்கத்தையும் தரட்டும். ஒன்று மறந்துவிட்டேன். வெள்ளிக்கிழமையை நாங்கள் இருவரும் எடுத்துக்கொள்ளவில்லை. அன்று கொல்லையில் இறாலும் இல்லை, விரிப்பும் இல்லை. கோவிந்தம்மா பெருக்கி வைக்கிறாள். நான் நாற்காலிகளை எடுத்துப் போடுகிறேன். அது உன் பாடு. வந்து எடுத்துக்கொள்.

உன் அம்மா,
மெஹருன்னிசா