கிளினிக்குக்கு முதல் இரண்டு நாள்

என்றும் என் அன்புக்குரிய ஐயா,

உங்கள் வலது காலை வெட்டி எடுத்த நாளில் நான் ஒன்றும் கேட்கவில்லை. பிறகு நீங்களே போய்விட்டீர்கள். ஆறு மாதமாக எவரிடம் கோபிப்பதென்று தெரியாமல் இருந்துவிட்டு, இன்று உங்களுக்கே எழுதுகிறேன்.

நீரிழிவுக் கிளினிக்கில் உங்கள் சீனி அளவை எழுதிவந்த கொப்பி இன்னும் அலுமாரியில் இருக்கிறது. எங்கள் அடம்பன் ஊரில் அவ்வளவு அழகான கொப்பி வேறெவரிடமும் இருந்திராது. மாதாமாதம் சீனி அளவாகவே இருந்திருக்கிறது. அந்த இளம் டொக்டர்ப் பெண் "வெரி குட் ஐயா" என்று சொன்னால், பஸ் ஏறும்வரை உங்கள் முகத்தில் சிரிப்பு நிற்கும். அந்தச் சிரிப்புக்காகக் கிளினிக்குக்கு முந்திய இரண்டு நாளும் சோற்றைத் தொடமாட்டீர்கள். குரக்கன் கஞ்சியும் பாவற்காய்ச் சாறும்தான். இரத்தம் கொடுத்து வீடு திரும்பியதும், "இஞ்சாரப்பா, இனிச் சோத்தைப் போடு" என்று அம்மாவைக் கூப்பிடுவீர்கள்.

கட்டுக்கரைக் குளத்துத் தண்ணீர் பாய்ந்த வயலில் விடிய இறங்கி வெயில் சாய ஏறிய காலத்தில், அந்தச் சோறு உடம்பில் எரிந்துபோனது. பிறகு அறுவடை மெசின் வந்தது. முழங்கால் மறுத்தது. கதிரையில் உட்கார்ந்துவிட்டீர்கள். தசை வற்றியது, நித்திரை குறைந்தது. சோறு மட்டும் குறையவில்லை. வயலில் நின்ற உடம்புக்கு அளந்ததைக் கதிரையில் இருந்த உடம்புக்கும் போட்டோம்.

கிளினிக்கில் இதையெல்லாம் எவரும் கேட்கவில்லை. ஓர் எண்ணைக் கேட்டார்கள். அவர்கள் விரும்பிய எண்ணை நீங்கள் கொண்டுபோய்க் கொடுத்தீர்கள். ஆகவே மருந்தும் கூடவில்லை. பாதம் மரத்துப்போனதை நீங்கள் சொல்லவுமில்லை. உடைமுள் ஏறிச் சீழ் பிடித்த பிறகும், "சீனி நல்லாத்தானே கிடக்கு, புண் ஆறிவிடும்" என்று கொப்பியைக் காட்டினீர்கள். அந்த எண்கள் எப்படி வந்தன என்பது உங்களுக்கே மறந்துபோயிற்றா?

எனக்கு மறக்கவில்லை. பல்கலைக்கழகத்தில் விஞ்ஞானம் படித்தவன் நான். கொப்பியைப் பிடித்துக்கொண்டு உங்களோடு கிளினிக் வாங்கில் உட்கார்ந்திருந்தவனும் நான். எழுபது தாண்டிய மனிதரை ஒரு சின்னப் பிள்ளைக்கு முன்னால் பொய்யராக்குவதா என்று வாய் திறக்கவில்லை. அந்த மரியாதைதான் உங்கள் காலைத் தின்றது.

இன்றைய செய்தியைக் கேளுங்கள். நாளை அம்மாவுக்கும் அதே சீனிக் கிளினிக். நேற்றிலிருந்து சோறில்லை, சீனிக் குளிசையை மட்டும் தவறாமல் விழுங்கியிருக்கிறார். மத்தியானம் குசினி வாசலில் வியர்த்து, கை நடுங்கி உட்கார்ந்துவிட்டார். சீனி இறங்கிவிட்டது என்று விளங்கியது. தேத்தண்ணியில் சீனி கரைத்துக்கொண்டு ஓடினேன். முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

"வேண்டாமடா. நாளைக்கு ஏத்திக் காட்டும். அந்த டொக்டர்ப் பெட்டையிட்டை ஏச்சு வாங்க ஏலாது."

"செத்தாலும் பறவாயில்லையோ?"

"கொப்பர் ஒருநாளும் ஏச்சு வாங்கேல்லையே!"

உங்களைப் பற்றித்தான் பெருமையாகச் சொன்னார், ஐயா. தாடையைப் பிடித்துப் பருக்கினேன். நடுக்கம் நின்றதும் அவர் கேட்ட முதற் கேள்வி, "இப்ப குடிச்சது நாளைக்கும் நிக்குமோ?"

அம்மா மாறுவார் என்று நான் நம்பவில்லை. சோற்றை ஒவ்வொரு நாளும் கொஞ்சம் குறையுங்கோ என்றால், "சண்டைக்குள்ள அகதியாய் அலைஞ்ச நேரம் குறைச்சுத் திண்டது போதும்" என்கிறார். பக்கத்து வீட்டு வளவிலும் இன்று குரக்கன் கஞ்சிதான் மணக்கிறது. அவர்களுக்கும் நாளை கிளினிக்.

ஆனாலும் ஒரு வாக்குத் தருகிறேன். நாளை அம்மாவோடு நானும் உள்ளே போவேன். அவருடைய கொப்பியையும் உங்களுடையதையும் மேசையில் வைத்து, இரண்டும் பொய் என்று சொல்வேன். அம்மா அதன்பிறகு என்னோடு கதைக்கமாட்டார். உங்களிடமும் நான் மன்னிப்புக் கேட்கப்போவதில்லை.

உங்கள் கொப்பியைச் சுமந்து வந்த,
மூத்த மகன்