உன் பேரில் வைத்த வேண்டுதல்

கடவுள் துணை
மார்ச் 4

அன்புள்ள சின்னவளுக்கு,

உன் அண்ணி எழுதுவது. கையெழுத்தைப் பார்த்ததும் கடிதத்தை ஓரமாக வைத்துவிடாதே. நீ இந்த வீட்டை விட்டுப் போய்ப் பதினைந்து வருஷம் ஆகிறது, இதுதான் என் முதல் கடிதம். எனக்கும் உறைக்கத்தான் செய்கிறது. இங்கே உன் அண்ணனும் அவருடைய இரும்புக் கடையும் சுகம். உன் சுகம் எனக்கு வருஷத்துக்கு ஒருமுறை அவர் போனை வைத்துவிட்டுச் சொல்லும் ஒரே வரியில் கிடைக்கிறது: "நல்லாத்தான் இருக்கா, பஸ் டிப்போல டிக்கெட் குடுக்கிறா."

நானே போனில் பேசலாமென்றால் குரல் போய்விட்டது. பால்காரர் என்னைப் போனில் "சார், எத்தனை பாக்கெட் சார்?" என்கிறார். சளி என்று நினைத்து மூன்று மாதம் வெந்நீர் கொப்பளித்தேன். கடைசியில் டாக்டர் ரத்தம் எடுத்துப் பார்த்துவிட்டு, கழுத்தில் இருக்கும் தைராய்டு சுரப்பி வேலை செய்யாமல் உட்கார்ந்துவிட்டது என்றார். ஆயுசு முழுக்க மாத்திரையாம்.

குரல் போனாலும் போகட்டும். எடைதான் தாங்க முடியவில்லை. இரண்டு வருஷத்துக்கு முன் அறுபத்தாறு, இன்றைக்கு எண்பத்து நான்கு. நான் எல்லாவற்றையும் நோட்டில் எழுதுகிறவள், உனக்குத் தெரியும். காலை இரண்டு துண்டு ரொட்டி, மதியம் ஒரு கிண்ணம் சோறு, ராத்திரி ஒரு டம்ளர் பால். எழுதிக் கூட்டினால் குருவி தின்கிற தீனி. ஆனாலும் ஏறுகிறது. சொன்னால் ஒருவரும் நம்புவதில்லை. உன் அண்ணன் குப்பைக்கூடையில் பிஸ்கட் காகிதம் கிடக்கிறதா என்று பார்க்கிறார். "காத்தைக் குடிச்சா உடம்பு வைக்கும்?" என்று சிரிக்கிறார். அவருக்குச் சிரிப்பு, எனக்கு நெஞ்சு எரிகிறது.

லீவு போட்டு ஒரு வாரம் வந்து இருந்துவிட்டுப் போயேன். உன்னைப் பார்க்க வேண்டும் போலிருக்கிறது. நீயும் அப்போது கொஞ்சம் பூசினாற்போலத்தான் இருப்பாய். இப்போது எப்படி? வாயைக் கட்டினாயா?

ஆசிகளுடன்,
உன் அண்ணி


மார்ச் 15

அண்ணிக்கு,

கடிதம் கிடைத்தது. மாத்திரையை எப்படிப் போடுகிறீர்கள் என்று எழுதவில்லை. வெறும் வயிற்றில், வெறும் தண்ணீரோடு போட வேண்டும். அதன்பின் ஒரு மணி நேரம் டீகூடக் கூடாது. டீயோடு விழுங்கினால் பாதி வீண். கால்சியம், இரும்புச்சத்து மாத்திரை ஏதாவது இருந்தால் நான்கு மணி நேரம் தள்ளிப் போடுங்கள். நான் ஐந்தரைக்குப் போட்டுவிடுவேன், ஏழு மணிக்கு ஷிப்டு.

ஆமாம், நானும் போடுகிறேன். உங்கள் வீட்டை விட்டு வந்த மூன்றாம் வருஷம் டிப்போவில் எல்லோருக்கும் ரத்தம் எடுத்தார்கள். என்னை மட்டும் திரும்பக் கூப்பிட்டார்கள். அந்த டாக்டர், "இது நேத்து வந்ததில்லம்மா. பதிமூணு பதினாலு வயசுலயே ஆரம்பிச்சிருக்கும், உயரமும் அதனாலதான் நின்னுபோச்சு. வீட்டுல ஒருத்தரும் கவனிக்கலையா?" என்று கேட்டார்.

"கவனிச்சாங்க டாக்டர், நோட்டு போட்டு எழுதியே வெச்சாங்க" என்றேன்.

பன்னிரண்டு வருஷமாகிறது. வாயை நான் கட்டவில்லை. கோளாறு வாயில் இல்லை. லீவு கிடைக்காது.

இப்படிக்கு,
சின்னவள்


கடவுள் துணை
ஏப்ரல் 2

அன்புள்ள சின்னவளுக்கு,

உன் கடிதத்தில் "நோட்டு போட்டு" என்ற இடத்தைத் தாண்டி என்னால் படிக்க முடியவில்லை. இரண்டு வாரமாக அங்கேயே நிற்கிறேன். நமக்குள் ரத்த உறவு கிடையாது. நீ என் புருஷனின் தங்கை, அவ்வளவுதான். நோய் மட்டும் ஒன்றாக வந்திருக்கிறது பார்.

நடந்ததை எழுதுகிறேன். வெள்ளிக்கிழமைப் பிரார்த்தனைக் கூட்டம் இன்னும் நம் முன்னறையில்தான் நடக்கிறது. அதே வட்டம், அதே மடக்கு நாற்காலி, ஆளுக்கொரு வேண்டுதலை வாய்விட்டுச் சொல்லும் அதே வழக்கம். போன வாரம் தையல்கார அக்காவின் முறை வந்தது. கண்ணை மூடிக்கொண்டு, "ஆண்டவனே, இந்த வீட்டம்மாவுக்கு நாக்கை அடக்குற பலத்தைக் குடு. தன் உடம்பைத் தானே கெடுத்துக்குது, பாவம்" என்றார். எல்லோரும் "அப்படியே ஆகட்டும்" என்றார்கள். பழக்கதோஷம், நானும் அவர்களோடு சேர்ந்து "அப்படியே ஆகட்டும்" என்றுவிட்டேன். என்னைப் பற்றித்தான் சொன்னார் என்பது அப்புறம்தான் உறைத்தது. அன்று காலையிலிருந்து என் வயிற்றுக்குள் போயிருந்தது இரண்டு துண்டு ரொட்டி. எழுந்து சொல்லியிருக்கலாம். கதவோரம் டீத் தட்டோடு நீ நின்றது அப்போது கண்முன் வந்தது. அதே அறையில் அதே வேண்டுதலை உன் பேரில் முதன்முதலில் சொன்னவள் நான்தானே.

கூட்டம் கலைந்ததும் அலமாரி மேல்தட்டிலிருந்து பழைய நோட்டை இறக்கினேன். உனக்காகப் போட்டது. என் கையெழுத்திலேயே இருக்கிறது:

"செவ்வாய். காலை ஒரு ரொட்டி. மதியம் அரைக் கிண்ணம். ராத்திரி வேண்டாம் என்றாள். எடை அரைக் கிலோ கூடுதல். எங்கேயோ தின்கிறாள்."

"கொளுத்தும் வெயிலில் கம்பளிச் சட்டை. நடிப்பு."

"குளியலறையில் கொத்துக்கொத்தாக முடி."

"புத்தகத்தின் மேலேயே தூக்கம். சோம்பேறி."

"கூப்பிட்டால் தொண்டைக்குள்ளிருந்து கரகரவென்று பதில். திமிர்."

சின்னவளே, டாக்டர் என்னிடம் வரிசையாகக் கேட்டாரே, குளிருதா, முடி கொட்டுதா, தூக்கம் தூக்கமா வருதா, குரல் மாறுச்சா என்று, அது அத்தனையும் இந்த நோட்டில் இருக்கிறது. நான் குற்றம் என்று எழுதினதை அவர் நோய் என்று கேட்டார்.

எட்டாவதோடு படிப்பை நிறுத்தியவள் நான். மிச்சத்தை நானே எழுத்துக்கூட்டிக் கற்றுக்கொண்டேன். கணக்கில் என்னை ஒருவர் அசைக்க முடியாது என்று ஒரு கர்வம். தின்பது குறைவு, ஏறுவது அதிகம். கணக்கு உதைத்தது. உதைத்தால் திருட்டு என்று முடிவு கட்டினேன். உன் அண்ணனிடம் சொல்லிக் கடையிலிருந்து பூட்டு வரவழைத்து அலமாரிக்குப் போட்டேன். நோட்டு சரியாகத்தான் இருந்தது. நான் எழுதியதை நானே நம்பவில்லை.

தாயில்லாப் பிள்ளை கெட்டுப்போய்விடக் கூடாதென்றுதான் செய்தேன். இதை எழுதும்போதே சாக்குப் போல இருக்கிறது. அந்த வரியை அடிக்கவில்லை, இருக்கட்டும். நான் என்ன செய்யட்டும், சொல்.

உன் அண்ணி


ஏப்ரல் 16

அண்ணிக்கு,

அந்த நோட்டை நான் அப்போதே படித்திருக்கிறேன். நீங்கள் குளிக்கப் போகும் நேரத்தில் நான் திருடித் தின்பதாக எழுதியிருப்பீர்கள். அந்த நேரத்தில்தான் அதை எடுத்துப் படிப்பேன். என்னைப் பற்றி அவ்வளவு விவரமாக யாரும் எழுதியதில்லை. ஏதாவது ஒரு பக்கத்தில் "பாவம், இவள் உடம்புக்கு என்னவோ" என்று ஒரு வரி வரும் என்று தேடுவேன்.

பூட்டு எனக்கு வலிக்கவில்லை, அண்ணி. பசியே இல்லாதவளுக்குப் பூட்டு என்ன செய்யும்? வெள்ளிக்கிழமைதான் வலித்தது. பன்னிரண்டு பேர் நடுவில் என் பேரைச் சொல்லி, "இந்தப் பொண்ணோட பெருந்தீனியை எடுத்துப்போடு, திருட்டுப் புத்தியை எடுத்துப்போடு" என்றீர்கள். எல்லோரும் "அப்படியே ஆகட்டும்" என்றார்கள். என் கையில் டீத் தட்டு. வைக்கவும் முடியாது, போகவும் முடியாது. அன்றோடு கடவுளிடம் பேசுவதை விட்டேன். எனக்கு முன்னாலேயே நீங்கள் அவரிடம் சொல்லிவிட்டீர்களே. அதன்பின் நான் என்ன சொன்னாலும் அது திருடி சொல்வதுதானே?

மாத்திரை போட்டால் இளைத்துவிடலாம் என்று கனவு காணாதீர்கள். அசதி போகும், முடி நிற்கும், குரல் திரும்பும். எடை அவ்வளவு சுலபமாக இறங்குவதில்லை. தினமும் நடக்கிறேன், அளந்துதான் சாப்பிடுகிறேன், எழுபத்தெட்டில் நிற்கிறேன். டிப்போவில் என் பேர் "மினி பஸ்". டிரைவர்கள் கூப்பிடுமுன் நானே சிரித்துவிடுவேன். முதலில் நான் சிரித்துவிட்டால் அவர்களுக்கு மிச்சம் இருக்காது.

என்ன செய்யட்டும் என்று கேட்டீர்கள். அந்த அறையில் சொன்னதை அந்த அறையிலேயே மாற்றிச் சொல்லுங்கள். என் பேரைச் சொல்லி. அவர்களில் பாதிப் பேராவது இன்னும் வந்துகொண்டிருப்பார்கள். சொல்லிவிட்டேன் என்று எழுதுங்கள். ஜூனில் லீவு போட்டு வருகிறேன், ஒரு வாரம் இருக்கிறேன்.

சின்னவள்


கடவுள் துணை
மே 8

அன்புள்ள சின்னவளுக்கு,

பொய் எழுத மாட்டேன். மூன்று வெள்ளிக்கிழமை போயிற்று.

முதல் வாரம் தொண்டை கட்டியிருக்கிறது என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். இரண்டாம் வாரம் என் முறை வந்தபோது மழை வேண்டும் என்று கேட்டுவிட்டு உட்கார்ந்தேன். மூன்றாம் வாரம் சொன்னேன். ஆனால் நீ கேட்ட மாதிரி இல்லை. "எனக்குத் தெரிஞ்ச ஒரு வீட்டுல ஒரு பொண்ணு" என்று ஆரம்பித்துவிட்டேன். பூட்டு, நோட்டு, வேண்டுதல் எல்லாம் சொன்னேன். உன் பேரையும் என் பேரையும் மட்டும் விட்டுவிட்டேன். எல்லோரும் அழுதார்கள். தையல்கார அக்கா முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டு, "எந்தப் பாவி அப்படிச் செஞ்சா? நம்ம பக்கத்து ஆளா?" என்று கேட்டார்.

"இல்ல, தூரத்துச் சொந்தம்" என்றேன்.

அந்தப் பெண்ணுக்காக உருகி உருகி வேண்டினார்கள். நான் டீ கொடுத்தேன்.

உன் அறையைக் கூட்டிக் கழுவியாயிற்று. ஜன்னல் கொக்கியை உன் அண்ணன் மாற்றிவிட்டார். புது மெத்தை உறை தைத்திருக்கிறேன். முழுதாகச் சொல்லவில்லை, தெரியும். இவ்வளவு சொன்னதைக் கணக்கில் எடுத்துக்கொண்டு ஜூனில் வருவாயா?

உன் அண்ணி


மே 17

அண்ணிக்கு,

உள்ளதை உள்ளபடி எழுதினீர்கள். அதற்கு நன்றி.

தூரத்துச் சொந்தம் என்று சொன்னது சரிதான். இனி அப்படியே இருந்துகொள்வோம். வரவில்லை.

மாத்திரை தொடங்கி ஆறு வாரத்தில் மறுபடி ரத்தம் பார்த்திருக்க வேண்டும். பார்க்கவில்லையென்றால் இனியும் நாள் தள்ளிப்போடாதீர்கள். எடை குறையட்டும் என்று நீங்களாக அளவைக் கூட்டாதீர்கள், நெஞ்சு படபடக்கும். எனக்கென்று கழுவிய அறையில் வேறு ஏதாவது வைத்துக்கொள்ளுங்கள்.


கடவுள் துணை
ஆகஸ்ட் 20

அன்புள்ள சின்னவளுக்கு,

பதில் எதிர்பார்த்து எழுதவில்லை. நடந்ததைத் தெரிவிக்க வேண்டியது என் கடமை.

ஜூலை கடைசி வெள்ளிக்கிழமை சொல்லிவிட்டேன். நின்றுகொண்டே சொன்னேன். உன் பேரைச் சொன்னேன். "என் நாத்தனார். அந்தக் கதவுகிட்ட தட்டோட நிப்பாளே, அவதான். அவ திருடல. பெருந்தீனியும் இல்ல. அது நோய். அந்தப் பாவி நான்தான். தூரத்துச் சொந்தம்னு சொன்னது பொய்."

இந்த முறை ஒருவரும் அழவில்லை. தையல்கார அக்காதான் வாயைத் திறந்தார். "சரி விடுங்க. நல்லதுக்குத்தானே செஞ்சீங்க. டீ ஆறிப்போகுது பாருங்க." அடுத்த வாரம் நான்கு பேர் வந்தார்கள், அதற்கடுத்த வாரம் இரண்டு பேர். இப்போது கூட்டம் தையல்கார அக்கா வீட்டில் நடக்கிறது. என்னைக் கூப்பிடவில்லை.

"பழசைக் கிளறி என்னத்தக் கண்டே?" என்று உன் அண்ணன் சத்தம் போட்டார். மறுநாள் கடைக்குப் புறப்படும்போது அலமாரி முன்னால் நின்றார். பூட்டு போய்ப் பல வருஷமாயிற்று, அதை மாட்டும் கொண்டி மட்டும் இருந்தது. அதைத் திருப்புளியால் கழற்றிச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு போனார்.

இதைச் சொல்லி உன்னை வா என்று கேட்கவில்லை. நீ கேட்டது ஏப்ரலில். நான் செய்தது ஜூலையில். இடையில் ஒரு பொய்யும் இருக்கிறது. கணக்கு நேராகாது.

ரத்தம் பார்த்தேன். நிலைமை பரவாயில்லை என்றார் டாக்டர். குரல் கொஞ்சம் திரும்பியிருக்கிறது, பால்காரர் "அம்மா" என்கிறார். எடை எண்பத்து மூன்று. ஒரே ஒரு கிலோ. நோட்டில் எழுதுவதை நிறுத்திவிட்டேன்.

மாத்திரையை ஐந்தரைக்கு மாற்றிக்கொண்டேன். நீ போடும் நேரம் அதுதானே. போட்டபின் ஒரு மணி நேரம் டீ இல்லாமல் அடுக்களை மேசையில் உட்கார்ந்திருப்பேன். முன்பெல்லாம் அது என் வேண்டுதல் நேரம். எனக்கு நீளமான பட்டியல் உண்டு, அதில் உன் பேரும் விடாமல் இருந்தது. இப்போது உன் பேர் வருகிற இடத்தில் வாயை மூடிக்கொள்கிறேன். உன்னைப் பற்றி நான் கடவுளிடம் சொன்னதெல்லாம் போதும்.

என்றாவது அவரிடம் பேச வேண்டும் என்று தோன்றினால் நீயே நேராகப் பேசிக்கொள். நடுவில் நான் நிற்கவில்லை.

அண்ணி