சாம்பார் படைத்த நாள்

அன்பு மச்சானுக்கு,

நம் கோச்சடைக் குடியிருப்போர் சங்கம் வரலாற்றில் இடம்பெறத்தக்க முடிவொன்றை எடுத்திருக்கிறது. கார் நிறுத்துமிடத்துக்கு மேலே இருக்கும் பொதுக் கூடத்துக்கு இனி ‘பண்பாட்டு அரங்கம்’ என்று பெயர். காளவாசலில் பலகை எழுதி வாங்கி வந்து மாட்டி, கைதட்டி, ஆளுக்கொரு ரவாலட்டு சாப்பிட்டுக் கலைந்தோம்.

‘பண்பாடு’ என்ற இந்தச் சொல்லை வைத்து அறிஞர்கள் எவ்வளவு சண்டை போட்டிருக்கிறார்கள் என்பது, கல்லூரியில் சமூகவியல் நடத்திய உங்களுக்குத் தெரியும். உயர்ந்த ரசனையும் நல்ல நடத்தையும்தான் பண்பாடு என்பார்கள் சிலர். மனிதர்கள் உண்பது, உடுப்பது, ஏசிக்கொள்வது, செத்தவரை அனுப்பி வைப்பது எல்லாமே பண்பாடுதான் என்பீர்கள் நீங்கள். அப்புறம் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தபடி, “எது பண்பாடுன்னு யாரு முடிவு பண்றா, அதப் பாரு மாப்ள” என்பீர்கள்.

பார்த்துவிட்டேன், மச்சான். சங்கச் செயலாளர் முடிவு பண்ணுகிறார்.

உங்கள் முதல் வருடப் படையல் வந்தது. போனவருக்குப் பிடித்ததைச் சமைத்துப் படத்துக்கு முன்னால் இலை போடுவது நம் வழக்கம். உங்களுக்கு எது பிடிக்கும் என்பதில் மட்டும் யாருக்கும் கருத்து வேறுபாடு இருந்ததில்லை. அக்கா நம் ஊர் எழுமலையில் சொல்லி ஆட்டுக்குடலுக்கு ஏற்பாடு செய்தாள். வருகிற சனம் வீட்டுக்குள் கொள்ளாது என்று கூடத்தைக் கேட்டோம்.

“படையல் தாராளமாப் போடுங்கண்ணே, அது நம்ம பண்பாடு” என்றார் செயலாளர். “குடல் மட்டும் வேணாம். சாம்பார் வச்சிருங்க.”

“அவரு சாம்பாரத் தொடவே மாட்டாரு தம்பி” என்றாள் அக்கா.

“சாரே இந்தக் கூடத்துல பேசுறப்ப சொன்னாருல்லக்கா, பண்பாடு மாறிக்கிட்டே இருக்கும்னு. இப்ப மாறிருச்சுக்கா.”

உங்கள் சொற்பொழிவை ஒருவராவது முழுக்கக் கேட்டிருக்கிறார் என்று சந்தோஷப்படுங்கள். நீங்கள் இருந்தால் என்ன சொல்லியிருப்பீர்கள்?

வீட்டிலேயே சின்னதாக ஓர் இலை போட்டுவிடலாம் என்றேன். “ஒளிஞ்சு திங்கவா அவரக் கூப்பிடுறது?” என்று கேட்டாள் அக்கா.

ஊருக்கெல்லாம் சொல்லியாகிவிட்டது. சாம்பாரே வைத்தாள். வடை, அப்பளம், பாயசம். எல்லோரும் நன்றாகச் சாப்பிட்டார்கள். செயலாளர் பாயசத்தை மறுபடி கேட்டு வாங்கினார். உங்கள் இலையை எடுக்கும்போது அக்கா படத்தருகே குனிந்து, “இன்னைக்கு ஒருநா இதத் தின்னுக்கங்க” என்றாள். அவள் முதுகைத் தொட எனக்குக் கை வரவில்லை.

அடுத்த படையலுக்குக் குடலை நானே அலசித் தருகிறேன். எனக்கு அந்த வேலை வராது என்று உங்களுக்குத் தெரியும். ஆனாலும் அலசுகிறேன், சத்தியமாக.

அக்கா கோச்சடை வீட்டை விற்றுவிட்டாள். நாளைக் காலையில் சாமான்கள் எழுமலைக்குப் போகின்றன.

உங்கள்
மாப்ள