சாட்சி கேட்காத பட்டியல்

மார்ச், வியாழன் இரவு

மெர்லிமாவ் எஸ்டேட் மாரியப்பன் அண்ணன் இன்று காலை தன் பழைய கணினியை ஆயர் குரோவில் உள்ள என் அலுவலகத்துக்கே தூக்கி வந்தார். எஸ்டேட் கைமாறியதால் வீடு கேட்டு மனுப் போடும் குடும்பங்களின் பட்டியல் அதில்தான் இருந்தது. எஸ்டேட் லயத்து வரிசை வீடுகளில் குடியிருந்தவர்கள்தான் என்று இரண்டு பேர் சாட்சி சொன்ன பிறகே அவர் ஒவ்வொரு பெயரையும் சேர்த்தார். அதற்கே ஒரு வருடம் ஆனது.

"ஆன் ஆவ மாட்டேங்குது தம்பி. திங்கக்கெழம மனு குடுக்கணும். கொஞ்சம் பாருலா."

கெட்டுப்போன பவர் சப்ளையை மாற்றியதும் ஆன் ஆனது. கணினியை அலுவலக வலையமைப்பில் இணைத்துவிட்டு, பசியாற நாசி லெமாக் வாங்கப் போனேன்.

வலையமைப்பில் புதிய கணினி தெரிந்தால் நான் எழுதிய நிரல் யாரையும் கேட்காமல் அதைச் சர்வர் பட்டியலில் சேர்த்துக்கொள்ளும். சேர்த்ததும் உள்ளிருப்பதை அழித்துவிட்டு எங்கள் மென்பொருளை ஏற்றும். இதற்காகப் போன மாதக் கூட்டத்தில் எனக்குக் கை தட்டினார்கள். நான் திரும்பி வந்தபோது அண்ணனின் கணினி எங்கள் நாற்பத்தொன்றாவது சர்வராக நல்ல ஆரோக்கியத்துடன் ஓடிக்கொண்டிருந்தது. அதற்கு ஒரு சாட்சியும் தேவைப்படவில்லை.

மாலையில் அண்ணன் போன் செய்தார்.

"ஆன் ஆச்சா தம்பி?"

"ஆச்சுண்ணே."

"நல்ல வேள. வேற எங்கயும் காப்பி எடுத்து வைக்கல. அதான் பயந்துட்டேன்லா."

நான் சொன்னது பொய்யில்லை என்று வீடு வரும் வரை எனக்கே சொல்லிக்கொண்டேன். நாளை நேரில் போய் மீதியைச் சொல்ல வேண்டும். சற்று முன் ஒரு நோட்டை எடுத்து, பட்டியலின் முதல் பெயரை எழுதினேன்: மாரியப்பன். லயத்தில் அவருக்கு அடுத்த வீட்டில் யார் இருந்தார்கள் என்று எனக்குத் தெரியவில்லை.