ரசமட்டமும் மாமாவின் பின்பால் மிஷினும்

பிரேசர் டவுன், பெங்களூர்
12.3.2001

அன்பு மகள் ஆக்னஸுக்கு அம்மா எழுதிக்கொள்வது. ஆண்டவர் தயவில் நானும் அப்பாவும் நடமாடிக்கொண்டிருக்கிறோம், என் முழங்காலும் அவர் வாயும் மட்டும் சொன்ன பேச்சைக் கேட்பதில்லை. நீயும் மாப்பிள்ளையும் அந்தக் கனடா குளிரில் நோய்நொடி இல்லாமல் இருக்கத் தினமும் வேண்டிக்கொள்கிறேன். போனில் பேசினால் அப்பா எதிரே நின்று கடிகாரத்தையே பார்க்கிறார், அதனால் எல்லாவற்றையும் இதில் எழுதிவிடுகிறேன், பொறுமையாகப் படி.

போன ஞாயிறு உன் ஆரோக்கியசாமி மாமாவுக்கு வருஷப் பூசை வைத்தோம். அண்ணன் போய் அதற்குள் ஒரு வருஷம் என்று நம்பவே முடியவில்லை. பூசைக்கு முன்னால் வீட்டுக்கு வெள்ளையடிக்க வேண்டும் என்று சுனில் சொன்னான். உன் மாமா மகன் இப்போது சாப்ட்வேர் கம்பெனியில் பெரிய ஆள், பேசும்போது பாதிப் பேச்சு நமக்குப் புரியாது, மீதிப் பாதி அவனுக்கே புரியாது என்று அப்பா சொல்கிறார். வெள்ளையடிப்பது தன் அப்பாவுக்கு மரியாதை என்று வெளியே சொன்னான், உள்ளே இருந்த எண்ணம் வேறு. வீட்டை விற்றுவிட்டு அம்மாவைத் தன்னோடு அபார்ட்மென்டுக்குக் கூட்டிப்போக வேண்டும், அதற்கு மாமாவின் அந்தப் பின்பால் மிஷின், பந்தைத் தட்டி விளையாடுகிற பெட்டி, ஒழிய வேண்டும்.

உனக்கு ஞாபகம் இருக்கும், கன்டோன்மென்ட் கிளப்பில் எலெக்ட்ரீஷியனாக இருந்த உன் மாமா, அங்கே வீடியோ கேம் வந்ததும் தூக்கிப் போட்ட மிஷினையெல்லாம் வீட்டுக்கு இழுத்து வந்தார். படுக்கிற அறையில் ஒன்று, சமையலறை வாசலில் ஒன்று, சொர்ணம் அத்தை சோற்றுப் பானையைத் தூக்கிக்கொண்டு பக்கவாட்டில்தான் நடப்பாள். மற்றதெல்லாம் ஒவ்வொன்றாகப் போய்விட்டது, கடைசியாகக் குதிரைப் பந்தயம் வரைந்த அந்த ஒன்றுதான் பாக்கி. அண்ணன் அதைத் திறந்து வைத்துக்கொண்டு பாடம் நடத்துவார். இதில் மூளை என்று தனியாக ஒன்றும் கிடையாது ஜூடித், பந்து பட்டால் ஒரு சுவிட்ச், சுவிட்ச் பட்டால் ஒரு காந்தம், காந்தம் இழுத்தால் நம்பர் சக்கரம் ஒரு பல் திரும்பும், கூடவே மணி அடிக்கும், அவ்வளவுதான் என்பார். உள்ளே சின்ன மோட்டார் ஒன்று சுற்றிச் சுற்றி யார் முன்னே யார் பின்னே என்று வரிசை பார்க்கும். ஓரத்தில் ஒரு வளையம், அதன் நடுவே கொத்தனார் தூக்குக்குண்டு மாதிரி ஒரு எடை தொங்கும். யாராவது மிஷினை ஆட்டினால் குண்டு வளையத்தில் படும், டில்ட் என்று சிவப்பு விளக்கு எரியும், பந்தைத் தட்டுகிற கைகள் இரண்டும் செத்துப்போகும், அந்தப் பந்து போச்சு.

இந்த ரகசியத்தை அண்ணனுக்கு அடுத்தபடி நன்றாகத் தெரிந்துகொண்டவள் சொர்ணம்தான். சாப்பிடக் கூப்பிட்டால் இன்னும் ஒரே ஒரு பந்து இருக்கு சொர்ணம் என்பார். அவள் வந்து இடுப்பால் ஒரு இடி இடிப்பாள். விளக்கு எரியும், அண்ணன் முனகிக்கொண்டே கை கழுவப் போவார். அவர்கள் கல்யாண வாழ்க்கை முழுக்க இப்படித்தான் ஓடியது.

இனி உன் அப்பா செய்த காரியத்தைக் கேள். கோலார் தங்கவயல் சுரங்கத்தில் பம்பு பொருத்தி ரிட்டையர் ஆனவருக்கு எதைப் பார்த்தாலும் ரசமட்டம் வைத்துச் சரிவு பார்க்க வேண்டும், நம் கட்டிலுக்கு வைத்தார், மாதா சுரூபத்துக்கும் வைத்தார். வெள்ளையடித்து முடித்து மிஷினைத் திரும்ப வைக்கும்போது, ஐயோ முன்பக்கம் சரிந்திருக்கிறதே, மச்சான் கவனிக்காமலே போய்விட்டாரே என்று பரிதாபப்பட்டு, முன்கால் இரண்டுக்கும் அடியில் மரக்கட்டை கொடுத்து மட்டமாக்கிவிட்டு மீசையைத் தடவிக்கொண்டார்.

பூசை முடிந்து எல்லோரும் வீட்டுக்கு வந்தபோது சுனில் ஏற்பாடு செய்திருந்த பப் முதலாளியும் வந்தார். ரெசிடென்சி ரோட்டில் பழைய சாமான்களாக வைத்து பப் திறக்கிறாராம், அங்கே புதுசாக எதையாவது வைத்தால் ஆள் வராதாம். மிஷினைப் போட்டுப் பார்த்தார்கள். விளக்கெல்லாம் எரிந்தது, பந்து மேலே போனது, நடுவில் வந்து அசையாமல் உட்கார்ந்துகொண்டது. சுனில் பின்பக்கக் கதவைத் திறந்து, இதுல சிப் எங்கே இருக்கு அத்தை என்று என்னைக் கேட்டான், நான் ஏதோ ஒளித்து வைத்திருப்பதுபோல. உன் அப்பா ஸ்பிரிங் இளகிவிட்டது என்றார். நான் என் பங்குக்கு எண்ணெய் போடச் சொன்னேன். பப்காரர் அளவு டேப்பை எடுத்து, இது ஓடல்ல அம்மா, பரவாயில்ல, உள்ள இருக்கிறதை எல்லாம் எடுத்துட்டு மேல கண்ணாடி போட்டா சூப்பர் பீர் டேபிள் ஆகும் என்றார். சுனில் சந்தோஷமாகத் தலையாட்டினான். சொர்ணம் அத்தையே பிரியாணியைக் கவனித்துக்கொண்டிருக்கும்போது நான் என்ன பேச முடியும்.

ஆண்கள் எல்லோரும் மிஷினைச் சுற்றி நின்றுகொண்டு நகரவில்லை. அத்தை இரண்டு தரம் எட்டிப் பார்த்தாள். மூன்றாம் தரம் விறுவிறு என்று வந்து இடுப்பால் ஒரு இடி இடித்து, போதும் வாங்க, சோறு ஆறுது என்றாள். சிவப்பு விளக்கு எரிந்தது. தங்களைத்தான் கூப்பிடுகிறாள் என்று சுனிலும் பப்காரரும் மரியாதையாகக் கை கழுவப் போய்விட்டார்கள். அவள் விளக்கையே பார்த்துக்கொண்டு நின்றாள். பிறகு அப்படியே தரையில் உட்கார்ந்து அழுதாள், அடக்கத்தன்றுகூட அவள் இப்படி அழவில்லை ஆக்னஸ், நானும் உட்கார்ந்து அழுதேன்.

கீழே உட்கார்ந்ததால்தான் அவள் கண்ணில் கட்டை பட்டது. மூக்கை உறிஞ்சிக்கொண்டே, இதை யார் வெச்சது என்று கேட்டாள். உன் அப்பா மின்விசிறியைப் பார்த்தார். கட்டையை உருவியதும் பழைய சரிவு திரும்பி வந்தது, பந்து தானாகக் கீழே உருண்டு போனது, அடுத்த பந்து வந்து நின்றது. அத்தை எழுந்து முந்தானையால் கையைத் துடைத்துக்கொண்டு பந்தைத் தள்ளுகிற கம்பியை இழுத்து விட்டாள், உள்ளே இருந்த மூன்று மணியும் மாறி மாறி அடித்தன. பப்காரர் ஓடிவந்து அப்படியே வாங்கிக்கொள்கிறேன் என்றார். சாப்ட்டுட்டுக் கிளம்புங்க தம்பி என்று சொல்லிவிட்டாள். அபார்ட்மென்டில் இதை எங்கே வைப்பது என்று சுனில் கேட்டதற்கு, உன் சோபா இருக்கிற எடத்துல என்றாள்.

நேற்று மதியம் அவளைச் சாப்பிட வைக்கலாம் என்று குழம்பு எடுத்துக்கொண்டு போனேன். மிஷின் முன்னால் நின்றுகொண்டிருந்தாள். கூப்பிட்டேன், கேட்கவில்லை. வேறு வழி தெரியாமல் நானே இடுப்பால் ஒரு இடி கொடுத்தேன். விளக்கு எரிந்ததும் திரும்பி என்னை அப்படி முறைத்தாள், இன்னும் ஒரே ஒரு பந்து இருந்துது ஜூடித் என்றாள்.

மாதா உங்கள் இருவரையும் கைவிடாமல் காப்பாளாக. வேளாவேளைக்குச் சாப்பிடு, மாப்பிள்ளை கம்ப்யூட்டரை விட்டு எழுந்திருக்காவிட்டால் என்ன செய்ய வேண்டும் என்று உனக்கு இப்போது தெரியும். உங்கள் வீட்டில் அலமாரி, மேஜை ஏதாவது சரிந்திருந்தால் தயவுசெய்து அப்பாவிடம் போனில் சொல்லிவிடாதே.

முத்தங்களுடன்,
உன் அம்மா
ஜூடித் குணசேகர்