திருவொற்றியூர் வரை ஒரு பை

திங்கள்

காலையிலேயே புழுக்கம். எண்ணூரில் ரயில் ஏறியதும் வழக்கம்போல ஜன்னலோரம் நான், பக்கத்தில் என் சாப்பாட்டுப் பை. திருவொற்றியூரில் ஏறும் தேவிக்கு இடம். முதல் வருஷத்திலிருந்து இப்படித்தான். இன்றும் வரவில்லை. ஒரு வாரமாகிறது. 'காய்ச்சல்' என்று ஒரே மெசேஜ். காய்ச்சலாம்! செமஸ்டரில் இரண்டு பேப்பர் போனதிலிருந்தே முகம் சரியில்லை.

நெட்டுக்குப்பத்து மீன் கூடைக்கார அம்மா நின்றுகொண்டே வந்தார். "ஆளு வராத சீட்டுக்கு இன்னாத்துக்கு மே பை?"

"வருவா." கத்திவிட்டேன். திருவொற்றியூர் தாண்டியும் பையை எடுக்கவில்லை.

செவ்வாய்

ஜெராக்ஸ் எடுக்கணும். ரீசார்ஜ்.

சாயங்காலம் தேவி வீடு. அவள் அம்மா வாசலிலேயே பிடித்துக்கொண்டார். "கண்ணு பட்டுச்சிமா. மொளகா சுத்திப் போட்டேன். எய்ந்துக்கவே மாட்டேங்கிறா. சோறும் எறங்கல."

சுவரைப் பார்த்துப் படுத்திருந்தாள். தலை வாரிப் பல நாள் இருக்கும்.

"ரயில நெனச்சாலே மூச்சு முட்டுதுடி. அங்கியே செத்துடுவேன்னு தோணுது."

காலேஜ் கவுன்சிலர் மேடத்தைப் பார்க்கலாமா என்றேன். "நான் இன்னா லூசா?"

"தைரியமா இரு" என்றேன். சொன்ன வாயிலேயே ஒன்று போட்டுக்கொள்ளலாம் போலிருந்தது. போர்வையை இழுத்து மூடிக்கொண்டாள். எனக்குப் பயமாக இருக்கிறது.

புதன்

தூறல். மெசேஜ் போட்டேன்: காலேஜுக்கு வர வேண்டாம். நாளைக்கு பிளாட்பாரத்துக்கு மட்டும் வா. லேடீஸ் பெட்டி. முகத்தைக் காட்டு, போதும்.

நீல டிக். பதில் இல்லை. அண்ணன் டிவி சத்தம் வேறு. எரிச்சல்.

வியாழன்

வந்தாள்! அம்மா கையைப் பிடித்துக்கொண்டு பிளாட்பாரத்தில். வண்டி நின்றும் அசையவில்லை. வாசலில் நின்று கையை நீட்டினேன். என் பின்னாலிருந்து கூடைக்கார அம்மா: "ஏறுமா! உன் சீட்டுக்கு இவ தெனம் சண்ட போட்டுகினு கீறா!"

ஏறிவிட்டாள். பிடித்த என் கையை விடவேயில்லை. வேர்த்துக் கொட்டியது. தண்டையார்பேட்டையில் உதடு வெளுத்துவிட்டது. கொருக்குப்பேட்டையில், "எறங்கலாம்டி." இறங்கிவிட்டோம். எனக்குக் காலை டெஸ்ட். போகட்டும்.

வண்டி நகர்ந்த பிறகுதான் பை ஞாபகம். ஜன்னலில் கூடைக்கார அம்மா தலை. "பை என்னாண்ட கீது! நாளைக்கி நான் சீட்டு போட்டு வெக்கிறேன். ரெண்டு பேரும் வந்து சேருங்க!"

பெஞ்சில் உட்கார்ந்தோம். அவளுக்கு மூச்சு சீராக நேரமானது.

"அந்த மேடத்தாண்ட நீயும் உள்ள வருவியா?"

"வருவேன்."

சாப்பாடு ரயிலோடு போச்சு. ஸ்டேஷன் வாசல் கடையில் இட்லி. எனக்கு இரண்டு. தேவிக்கு மூன்று.