முதுகுப்பொதியின் அளவு குறித்தும் கொற்றன் கடன் குறித்தும்

முந்நூற்றுப் பதினெட்டுப் பணம் அரண்மனைப் பண்டாரத்துக்குக் கடன்பட்டவன் என்று ஏட்டில் ஏற்றப்பட்டுள்ள பொதிசுமப்போன் கொற்றன் பொருட்டு, வெண்கோட்டு நாட்டையும் அதன் ஏழு மலைகளையும் ஒரு குடைக்கீழ்க் காத்தருளும் தழல்வேல் நெடுங்கோ அரசர் ஆணையிட்டபடி, வேட்டைச் சுமைத்தலைவன் குன்றன் எழுதும் ஓலை. பெருந்தரத்துப் பண்டாரநாயகர், பதினாறு களஞ்சியத் திறவுகோல்களைத் தாங்கிய சேந்தங் கூத்தர் அவர்கள் கண்டுகொள்க. தங்கள் களஞ்சியங்கள் நிறைக. தங்கள் முதுகு இதுவரை போலவே இனியும் நோவறியாதிருக்க.

எழுத்தர் இத்தனை பேர் இருக்க இவன் ஏன் எழுதுகிறான் என்று தாங்கள் கேட்கக்கூடும். அவர்களில் ஒருவரும் மூட்டை தூக்கியறியார், தூக்கியவனே எழுதட்டும் என்று அரசர் சொல்லிவிட்டார். நாற்பது வயதுக்கு மேல் எழுத்துக் கற்ற கை இது. வரி கோணினால் பொறுத்தருள வேண்டும், சொல் கோணாது.

நம் நாட்டில் வேட்டைக்குப் போகும் பெருமக்களின் முதுகுப்பொதி, காட்டில் எத்தனை இரவு தங்குவது என்று பார்த்துத் தைக்கப்படுவதில்லை. யார் எந்தத் தரம் என்று பார்த்தே தைக்கப்படுகிறது. நாலாந்தரத்தாருக்கு ஒரு கலம் நெல் கொள்ளும் பொதி. முதல்தரத்தாராகிய தங்களுக்கு மூன்று கலம் கொள்ளும் பொதி. அது தொய்ந்து தெரிந்தால் தரத்துக்கு இழுக்கு என்பதால் வாய்வரை திணித்தாக வேண்டும். போதாததற்கு, பொதி வேட்டைக்குப் போனால் உடையவரே போனதாகக் கணக்கு என்று ஒரு வழக்கமும் வைத்திருக்கிறீர்கள். சென்ற கார்த்திகையில் அரசர் நான்கு இரவு வேட்டைக்குப் புறப்பட்டபோது, தாங்கள் மலையடிவாரத்தில் இரண்டு அட்டை கடித்ததும் பல்லக்கைத் திருப்பிக்கொண்டு வீடு போய்ச் சேர்ந்தீர்கள். தங்கள் பொதி மட்டும் கொற்றன் முதுகேறி மலைக்கு வந்து, தங்கள் சார்பில் வேட்டையாடிற்று.

அதற்குள் என்ன இருந்தது என்பதைத் தாங்களே எழுதிய பட்டியல் சொல்கிறது. பட்டுத் தலையணை ஏழு, வெள்ளிப் படிக்கம் ஒன்று, வெந்நீர்ச் செப்பு ஒன்று, சந்தனக்கல் ஒன்று, சொக்கட்டான் பலகை ஒன்று. அரிசியோ உப்போ ஒரு பிடி இல்லை. நாயகர் உள்ளே உறங்குகிறார், மெல்ல நட மாப்பிள்ளை என்று எங்கள் ஆட்கள் கொற்றனைக் கேலி செய்தார்கள். அவனும், இவர் வெற்றிலை துப்பாமல் வருகிறாரே, அதுவே பெரும்பேறு என்று சிரித்துக்கொண்டுதான் நடந்தான். இரண்டாம் நாள் அரசர் வேல் ஒரு கடமானை வீழ்த்திற்று. அதில் பாதி இறைச்சி சுமப்போரின் பங்கு. எங்களுக்கு உள்ள கூலியே அதுதான். ஆனால் எந்தப் பொதியிலும் ஒரு துண்டு வைக்க இடமில்லை. தலையணைகள் மலையேறின, கடமான் நரிக்குப் போயிற்று.

மூன்றாம் நாள் கழுகுப்பாறைத் தடத்தில், ஓராள் மட்டும் சுவரோடு ஒட்டி நடக்கும் இடத்தில், அவன் தோளுக்கு இருபுறமும் முழம் முழமாய் நீட்டிக்கொண்டிருந்த தங்கள் பொதி பாறையில் இடித்தது. இடித்த வேகத்தில் கொற்றன் பள்ளத்துப் பக்கம் சாய்ந்து ஒற்றைக்காலில் நின்றான். பின்னால் வந்த நான் ஒரு கையால் அவன் இடைக்கச்சையைப் பற்றிக்கொண்டு மறு கையால் பொதியின் வாரை அறுத்தேன். பொதி போயிற்று, ஆள் நின்றான். அறுத்தது என் கத்தி. இதை அன்றே தங்கள் வாசலில் வந்து சொன்னேன். பொதி எவன் முதுகில் இருந்ததோ அவனே கடனாளி என்றும், வரும் பௌர்ணமிக்குள் பணம் வராவிடில் கொற்றனும் அவன் மனைவி நங்கையும் தங்கள் களஞ்சியத்தில் ஆயுள் முழுதும் நெல் குற்ற வேண்டும் என்றும் தாங்கள் எழுதிவைத்தீர்கள். நங்கைக்கு இது ஏழாம் மாதம்.

நேற்று அவையில் தாங்கள், குறை அவன் முதுகில்தான், பொதியில் இல்லை என்று சாதித்தீர்கள். அதன்மேல் அரசர் அதே தரத்துப் பொதி ஒன்றை அதே பட்டியல்படி நிரப்பிக் கொணரச் செய்து, தாங்கள் தூக்கிக் காட்டுக என்றார். தம் தரத்தார் தூக்கும் வழக்கமில்லை என்று தாங்கள் விடை சொன்னீர்கள். அப்படியானால் என் தரம் தாழ்ந்ததாகவே இருக்கட்டும் என்று அரசர் தாமே வாரை மாட்டிக்கொண்டு எழுந்தார். ஒன்பது அடி வைத்தார். பத்தாவது அடியில் தூணைப் பிடித்து உட்கார்ந்தவர், மூச்சு அடங்கும்வரை யாரையும் பார்க்கவில்லை.

ஆகையால் தாங்கள் அறிய வேண்டியது இது. சுமக்கும் பிள்ளைகளுக்கும் தெரிந்ததைப் பண்டாரநாயகருக்கு எழுத நேர்ந்ததற்கு வருந்துகிறேன். ஓர் இரவுக்குத் தூணி நெல் கொள்ளும் பொதி போதும், அதாவது கலத்தில் மூன்றில் ஒரு பங்கு. இரண்டு மூன்று இரவுக்கு அதைப்போல் இருமடங்கு. நான்கு ஐந்து இரவுக்கு ஒரு கலம். அதற்கு மேல் எந்த மனித முதுகுக்கும் பொதி கிடையாது, வேண்டுவோர் கழுதை கேட்கட்டும். அகலம் சுமப்பவன் தோளைத் தாண்டலாகாது. நீளத்தை அவன் கழுத்தெலும்பிலிருந்து இடுப்பெலும்புவரை அளந்து தைக்க வேண்டும், உடையவரின் பட்டத்தை அளந்தல்ல. பாரம் இடுப்பில் இறங்க அகலமான இடைவார் வேண்டும். கனத்த பொருள் முதுகை ஒட்டி இருக்க வேண்டும். புறப்படும்போது மூன்றில் ஒரு பங்கு வெறுமையாகவே கிடக்கட்டும். வேட்டைக்குப் போகிறவன் திரும்பும்போது இறைச்சி கொண்டுவருவான் என்பது ஊரறிந்த செய்தி. தொய்ந்த பொதியைக் கண்டு நகைப்போர் அதைத் தாமே சுமந்துகொண்டு நகைக்கலாம்.

இனி அரசாணை. இந்த ஓலை கண்ட நாளிலேயே பண்டாரநாயகர் கடன் ஏட்டைத் தம் கையாலேயே எடுத்துக்கொண்டு, பல்லக்கின்றி, முள்ளிக்குடிச் சுமப்போர் தெருவுக்கு நடந்து செல்க. அங்கே கொற்றன் வாசலில் நின்று, அவனும் நங்கையும் கேட்க அந்த வரியை உரக்கப் படித்து, எழுத்தாணியால் கீறி அழித்து, அழித்த ஏட்டை அவர்களிடமே விட்டு வருக. அவர்கள் உட்காரச் சொன்னாலன்றி உட்கார வேண்டா.

கார்த்திகைக்குப் பின்வந்த மார்கழி பதினோராம் நாள், அரசர் முன்னிலையில், புலிநக முத்திரை பதித்து முடித்தேன். முந்நூற்றுப் பதினெட்டுப் பணமும் தள்ளுபடி. கொற்றன் யாருக்கும் கடன்பட்டவன் அல்லன்.